26 வாரம், யார் கணக்கில்?

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்குக் காலம். விசாகப்பட்டினம் மாநகராட்சி ஆணையராக இருந்த ஜி. சிருஜனா, பிறந்து ஒரு மாதம்கூட நிறையாத குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் படம் நாடெங்கும் பரவியது. சில மாதம் கழித்து, டெல்லியை ஒட்டிய மோதிநகரில் பணியாற்றிய இன்னொரு இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரி கைக்குழந்தையோடு அலுவலகம் வந்த படமும் அதே வேகத்தில் சுற்றியது. கடமை உணர்வுக்கு இலக்கணம் என்று பாராட்டு குவிந்தது.

அந்த அதிகாரிகளின் முடிவில் குறை காண எனக்கு உரிமை இல்லை. பெருந்தொற்று நேரத்தில் ஊருக்குப் பொறுப்பானவர்கள் அவர்கள். குடும்பம் துணை நின்றது, அறை தனியாக இருந்தது, தொட்டில் போட இடம் இருந்தது. நான் எடைபோட நினைப்பது அந்தப் பாராட்டைத்தான். நம் தொழிலாளர் சட்டம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணிடம் வேலை வாங்கக் கூடாது என்கிறது. அவளும் வேலை செய்யக் கூடாது என்கிறது. ஒரு ஆலை முதலாளி செய்தால் குற்றமாகிற காரியம், ஒரு அதிகாரி தானாக முன்வந்து செய்தால் வீரமாகிவிடுகிறது. அந்த வீரம் படத்தோடு நிற்பதில்லை. அடுத்த வாரமே ஏதோ ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ, விடுப்பு கேட்டு நிற்கிற பெண்ணுக்கு அது அளவுகோலாகிறது. “கலெக்டரம்மாவே வந்துட்டாங்க, உனக்கென்ன?”

இதற்கு நேர் எதிர்க் குரலும் நம்மிடம் உண்டு. “பால் மணம் மாறாத பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன சம்பாத்தியம் வேண்டிக் கிடக்கு?” ஒன்று சீக்கிரம் வரச் சொல்கிறது, மற்றது வராதே என்கிறது. இரண்டுமே கூண்டில் ஏற்றுவது அவளை மட்டும்தான். அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர், சட்டம் எழுதியவர், குழந்தையின் தகப்பன் எல்லோரும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். விசாரணை அவர்கள் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் உடம்பு. ஊரில் ‘பச்சை உடம்புக்காரி’ என்பார்கள். நாற்பது நாள் அவளைக் குனிய விடமாட்டார்கள், பாரம் தூக்க விடமாட்டார்கள். பத்தியத்தில் சிலவற்றை மருத்துவம் ஏற்காது. ஆனால் அந்த நாள் கணக்கை அது மறுக்கவில்லை. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. மகப்பேற்றுத் தாய் மரணம் என்பதை உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கும்போதும் பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை எண்ணுகிறது. இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவைச் சிகிச்சை மூலம் நடக்கின்றன. வயிற்றில் தையலோடு எட்டு மணி நேரம் நிற்பதும், பேருந்தின் உயரமான படியில் ஏறி இறங்குவதும் அந்த வலியைச் சுமப்பவளுக்குத்தான் தெரியும். ஆறு வாரத் தடை எழுதப்பட்ட காலத்தில் அறுவைச் சிகிச்சை இவ்வளவு பரவலாக இல்லை. ஆகவே ஆறு வாரம் என்பது தரை. அதற்குக் கீழே இறங்குவதைப் பற்றிப் பேச்சே கூடாது.

ஆறு வாரத்துக்குப் பிறகு உடம்பின் கணக்கு தாய்ப்பாலின் கணக்காக மாறுகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது மருத்துவ உலகம் ஒருமித்துச் சொல்வது. 26 வாரம் என்ற எண்ணுக்குப் பொருத்தமான காரணமும் அதுவே. திருப்பூர் பக்கம் பவர் டேபிள் தையல் யூனிட் ஒன்றில், பிள்ளை பெற்று மூன்றாம் மாதமே மெஷினில் உட்கார்ந்துவிட்ட ஒரு பெண், கட்டிங்கில் விழுகிற பனியன் வேஸ்ட் துணியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பதினொரு மணிக்குப் பால் சுரந்து சட்டை நனையும். சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் போய்ப் பீச்சிக் கொட்டிவிட்டு வருவார். கொட்டாவிட்டால் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் வந்துவிடும். வீட்டில் குழந்தைக்குப் பவுடர் பால். பீஸ் ரேட் என்பதால், பாத்ரூமில் கழிந்த நிமிடங்களுக்கும் கூலி கிடையாது.

பீச்சிய பாலைச் சேர்த்து வைக்கலாமே என்பார்கள். அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் அது நான்கு மணி நேரம் தாங்கும். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது. குளிர்பதனப் பெட்டி ஒன்றும், தாழ்ப்பாள் உள்ள சுத்தமான அறை ஒன்றும் போதும். 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது, நல்ல காரியம். பேருந்துக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை, அவள் நாளெல்லாம் உழைக்கும் இடத்துக்கு இன்னும் பரவலாக எட்டவில்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. குழந்தை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பாட்டியிடம் இருக்கும்போது அந்த இடைவேளையை அவள் எப்படிப் பயன்படுத்துவாள்?

அடுத்தது குழந்தை. தாய் சீக்கிரம் வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுவிடும் என்பது நம் வீடுகளில் கேள்விக்கே இடமில்லாத நம்பிக்கை. ஆய்வுகள் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு சொல்லவில்லை. நார்வேயில் 1977 ஜூலையில் ஊதியத்தோடு விடுப்பு தரும் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ஊதியமில்லாத 12 வாரம்தான். அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களைப் பல்லாண்டு கழித்து ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பின்னால் பிறந்தவர்களில் பள்ளிப்படிப்பை விட்டவர்கள் குறைவு, முப்பது வயதில் வருமானமும் கூடுதல் என்று கண்டார்கள். விடுப்பை நீட்டுவோர் விரும்பி எடுத்துக்காட்டும் சான்று இது. அதே முறையில் ஜெர்மனியை ஆராய்ந்த டுஸ்ட்மன், ஷோன்பெர்க் இருவரும் வேறு முடிவுக்கு வந்தார்கள். அங்கே விடுப்பு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதமானது, பிறகு பத்து மாதமானது, பின்னர் மூன்றாண்டு வரை நீண்டது. குழந்தைகளின் படிப்பிலோ பிற்கால வருமானத்திலோ குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தென்படவில்லை.

இரண்டில் ஒன்று பொய்யா? நான் அப்படி வாசிக்கவில்லை. 1970களின் நார்வேயில் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்குத் தரமான காப்பகம் அநேகமாக இல்லை. தாய் வேலைக்குப் போனால் யாரோ கிடைத்தவரிடம் விட்டுப் போக வேண்டும். ஆகவே தாய் கூடவே இருந்தது பெரிய மாற்றமாக அமைந்தது. தாய்க்குப் பதில் நல்ல கைகள் இருக்கும் இடத்தில் கூடுதல் மாதங்கள் அவ்வளவு வித்தியாசம் காட்டாமல் போகலாம். அப்படியானால், குழந்தையின் நலனைத் தீர்மானிப்பது தாய் எந்த வாரம் திரும்பினாள் என்பதைவிட, அவள் திரும்பிய பிறகு குழந்தை யார் கையில் இருந்தது என்பதே. இதை வைத்து, ‘பாட்டி இருக்கிறாளே, ஆறு வாரத்தில் வரட்டும்’ என்று யாரும் வாதம் கட்டிவிடக் கூடாது. படிப்பையும் வருமானத்தையும் அளந்த அந்த ஆய்வுகள் தாயின் தையலையும் பாலையும் அளக்கவில்லை. 26 வாரம் நியாயம் என்று நான் சொல்வது முதலில் அவளுக்காக.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் என் வழக்கு இருக்கிறது.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் தந்தது. 2017இல் நாடாளுமன்றம் அதை 26 வாரமாக்கியது; முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26, அதற்கு மேல் 12. உலகில் இவ்வளவு நீண்ட ஊதிய விடுப்பைச் சட்டமாக்கிய நாடுகள் குறைவு என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்தப் பெருமையில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது: 26 வாரச் சம்பளத்தை யார் தருவது? சட்டத்தின் பதில் அவளை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். முழுச் சம்பளம், முழுக்க அந்த நிறுவனத்தின் கல்லாவிலிருந்து.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், எனவே செலவின் பெரும்பகுதியை அரசு சுமப்பதே முறை என்பது அவர் நிலைப்பாடு. அதோடு அவர் நிற்கவில்லை. ஆண்களைவிடப் பெண்களை வைத்து வேலை வாங்குவதில் லாபம் இருப்பதால்தான் முதலாளி பெண்களை எடுக்கிறார், ஆகவே அவரும் ஓரளவு பொறுப்பேற்பதில் தவறில்லை என்றார். அரசு பெரும்பங்கு, முதலாளி ஒரு பங்கு. 1929இல் பம்பாயிலும், சில ஆண்டுகளில் நம் சென்னை மாகாணத்திலும் சட்டங்கள் வந்தன. முதலாளியின் பங்கு நிலைத்தது. அரசின் பங்கு மறைந்தது.

இந்தச் சுமை வைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 15 ஆசிரியர்கள் உள்ள ஒரு தனியார் பள்ளி. மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவர் விடுப்பில் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒன்றரை லட்சம் அவருக்கு, அவர் இடத்தில் வருபவருக்கு இன்னொரு சம்பளம். பெரிய மென்பொருள் நிறுவனத்துக்கு இது கணக்கில்கூட வராது. சிறிய பள்ளியும் கிளினிக்கும் இதைத் தவிர்க்க வழி தேடும். வெளியேற்றுவது சட்டவிரோதம், ஆகவே உள்ளே எடுப்பதிலேயே வடிகட்டல் தொடங்கும். “கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை இருக்கா? அடுத்தது பிளான் இருக்கா?” நேர்காணலில் பெண்ணிடம் மட்டும் கேட்கப்படும் இந்தக் கேள்விகள் எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை. வேலை கிடைக்காதவள் எதைக் காட்டி வழக்குப் போடுவாள்? விடுப்பு கேட்டவளைப் பாதுகாக்கிற சட்டம், கேட்கப்போகிறவள் என்று சந்தேகிக்கப்படுபவளை வாசலிலேயே விட்டுவிடுகிறது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018இல் டீம்லீஸ் நிறுவனம், இந்தச் சட்டத்தால் பத்துத் துறைகளில் ஒரே நிதியாண்டில் 11 லட்சம் முதல் 18 லட்சம் பெண்கள்வரை வேலை இழக்கக்கூடும் என்று கணித்தது. இன்றும் அந்த எண்ணை நடந்து முடிந்த இழப்பாகவே பலர் எழுதுகிறார்கள். அது நிறுவனங்களின் மனநிலையைக் கேட்டுப் போட்ட முன்கணிப்பு. தலை எண்ணி எடுத்த கணக்கு கிடையாது. எதிர்த்தரப்பார் அரசின் தொழிலாளர் ஆய்வைக் காட்டுகிறார்கள்: 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017–18இல் 23.3 விழுக்காடு, 2023–24இல் 41.7. சட்டம் பெண்களை விரட்டவில்லை என்பதற்கு இதுவும் சான்றாகாது. இந்த உயர்வின் பெரும்பகுதி கிராமங்களில், சொந்தத் தொழிலிலும் கூலியில்லாக் குடும்ப வேலையிலும் நிகழ்ந்தது. அங்கே மகப்பேறு விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, எண்களை வைத்து இரண்டு தரப்பும் வெற்றி கோர முடியாது. ஆனால் தூண்டுதல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பெண்ணை எடுத்தால் மட்டும் வரக்கூடிய ஒரு செலவைச் சட்டமே உண்டாக்கி, அதை எடுப்பவர் தலையில் வைக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வடிகட்டல் இன்னும் பச்சையாக நடப்பதாகக் குற்றச்சாட்டு உண்டு. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பகுதியின் பெரிய மின்னணு ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை உற்பத்தி வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று செய்தி வந்தது. நிறுவனம் மறுத்தது, தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. அந்த ஒரு ஆலையின் உண்மை எதுவாக இருந்தாலும், 18 முதல் 25 வயதுப் பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கிச் சில ஆண்டுகளில் திருப்பி அனுப்பும் முறையைப் பஞ்சாலைகளில் பல காலமாகப் பார்த்துவருகிறோம். நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் தமிழ்நாட்டில் என்று நாம் பெருமை பேசுகிறோம். அவர்களில் எத்தனை பேர் தாயான பிறகும் அதே வேலையில் தொடர்கிறார்கள் என்ற எண்ணையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

வேறு வழி நம் கைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள பெண்ணுக்கு 26 வாரச் சம்பளம் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. நிறுவனம் தனியாகக் கொடுப்பதில்லை. நிறுவனம் 3.25 விழுக்காடு, தொழிலாளி 0.75 விழுக்காடு கட்டுகிறார்கள். ஆணுக்கும் அதே விகிதம், பெண்ணுக்கும் அதே விகிதம். பெண்ணை எடுத்தால் கூடுதல் செலவு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இந்தக் கதவு மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் திறக்கிறது. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. பொது நிதி வழி சாத்தியம் என்பதைத் தானே நிரூபித்த அரசு, 21,001 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு மட்டும் முதலாளியைக் கைகாட்டுகிறது. 2018இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், குறைந்த சம்பளப் பிரிவுப் பெண்களுக்கு ஏழு வாரச் சம்பளத்தை நிறுவனங்களுக்குத் திருப்பித் தரும் யோசனை ஒன்றை வெளியிட்டது. யோசனை யோசனையாகவே நின்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆவது உடன்படிக்கை (2000), மகப்பேறு ஊதியச் செலவைத் தனி முதலாளி மேல் நேரடியாக ஏற்றக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பழைய விதிகளைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே எடுத்து வைத்துக்கொண்டது. அறுபது ஆண்டுச் சட்டத்தைத் திரும்ப எழுதும் வாய்ப்பு கைக்கு வந்தும் அந்த ஒரு வரி மாறவில்லை.

பொது நிதியானால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் அவளுக்குப் பதில் ஆள் தேடும் தொல்லை நிறுவனத்துக்கு இருக்கும். இ.எஸ்.ஐ. அலுவலகப் படியேறியவர்களுக்கு அங்கே நடக்கும் இழுத்தடிப்பும் தெரியும். ஆனாலும் தொல்லை வேறு, இரட்டைச் சம்பளம் வேறு. முன்னதைச் சமாளிக்கும் முதலாளிகள் நிறையப் பேர் உண்டு.

இவ்வளவும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் கதை. பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள கடை, யூனிட் சட்டத்தின் வெளியே. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததற்குப் பதிவு இல்லாதவளும் வெளியே. ஒப்பந்த ஊழியருக்கு நீதிமன்றம் துணை நின்றிருக்கிறது. 2000இல் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும், 2023இல் ஒப்பந்தக் காலம் முடிந்துபோன ஒரு பெண் மருத்துவருக்கும் உச்ச நீதிமன்றம் உரிமையை உறுதி செய்தது. ஆனால் உச்ச நீதிமன்றம்வரை போக எத்தனை பேரால் முடியும்? திருப்பூரில் நான் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: 18,000 ரூபாய், அதில் பணமாக 14,000. நாட்டிலேயே முன்னோடியான திட்டம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த 14,000 ரூபாயை 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளுக்கு 77 ரூபாய். ஒரு ஷிப்ட் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. அவர் மூன்றாம் மாதம் மெஷினுக்குத் திரும்பியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதே மாநிலத்தில் அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் முழு ஊதியத்தோடு பன்னிரண்டு மாதம். அரசு ஊழியருக்குக் கிடைப்பதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஏறிக்கொண்டே போன அந்தப் படிகளில் ஒன்றுகூட பவர் டேபிள் பக்கம் இறங்கவில்லையே என்று கேட்கிறேன். புதிய சட்டத் தொகுப்பு, அமைப்புசாராத் தொழிலாளரின் மகப்பேறு நலனுக்கு அரசு திட்டம் வகுக்கும் என்று சொல்கிறது. எத்தனை வாரம், எவ்வளவு தொகை என்று அதில் இல்லை.

மூன்றாவது குழந்தைக்கு விடுப்பைக் குறைப்பது பற்றி ஒரு சொல். மூன்றாம் பிரசவத்தில் தையல் சீக்கிரம் ஆறிவிடாது; அந்தக் குழந்தைக்குக் குறைவான பால் போதாது. மறுமணத்துக்குப் பின் பிள்ளை பெற்ற தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவியின் வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மகப்பேறு விடுப்பை இனப்பெருக்க உரிமைகளின் ஒரு பகுதியாக ஏற்றது. குடும்பக் கட்டுப்பாட்டைத் தாயின் ஓய்வில் கைவைத்து நடத்துவது, ஒரு கொள்கைக்காகக் கைக்குழந்தையைத் தண்டிப்பது.

26 வாரம் முடிந்த மறுநாளைப் பற்றி இப்போது. அன்று குழந்தைக்கு ஆறு மாதம். நம் அங்கன்வாடி பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுக்கு மேல். அதற்கு முன் சத்துமாவு மட்டும் வீட்டுக்கு வரும். இடைப்பட்ட ஒன்றரை, இரண்டரை ஆண்டுகளை யார் தாங்குவது? 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. தொழிற்சாலைச் சட்டமும் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொன்னவைதாம். தோட்டத்தில் அது ஓரளவு நடந்ததற்குக் காரணம் உண்டு: குடியிருக்கும் லயமும் வேலை செய்யும் காடும் ஒரே இடத்தில் இருந்தன. இலங்கை மலையகத்தில் ‘பிள்ளை மடுவம்’ இயங்கியதும் அப்படித்தான். தாய் கொழுந்து பறிக்கும் மலையும் பிள்ளை கிடக்கும் மடுவமும் நடைதூரம். இன்றைய ஆலைப் பெண் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறி நாற்பது கிலோமீட்டர் போகிறாள். ஆறு மாதப் பிள்ளையை அந்த வேனில் யார் ஏற்றுவார்கள்? காப்பக அறை கட்டியிருந்தாலும் வெறிச்சோடித்தான் கிடக்கும். காப்பகம் இருக்க வேண்டிய இடம் அவள் குடியிருக்கும் தெரு.

அதற்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம், உள்ளாட்சியின் காப்பகத்தையும் பயன்படுத்தலாம் என்று புதிய சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் ஏற்கெனவே தெருத் தெருவாக நிற்கின்றன. கட்டடம் உண்டு, சமையல் உண்டு. கூடுதல் ஆயாவும், அவருக்கு மரியாதையான சம்பளமும், மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும் கதவும் தேவை. பிள்ளை பார்க்கும் வேலையைக் குறைந்த கூலிக்கு இன்னொரு ஏழைப் பெண் தலையில் கட்டிவிட்டு இதைச் சாதித்ததாகச் சொல்லக் கூடாது.

தகப்பனைப் பற்றிச் சட்டத்தில் எழுத அதிகம் இல்லை. ஏனெனில் சட்டத்தில் அவர் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. 2017இல் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, நிறைவேறவில்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், மனைவியின் பிரசவத்துக்கு விடுப்பு கேட்ட ஒரு காவல் ஆய்வாளரின் வழக்கில், தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று குறிப்பிட்டது. பொது நிதிக்கு அடுத்தபடியாக நேர்காணல் அறையின் கணக்கை மாற்றக்கூடியது இதுதான். ஆணும் விடுப்பில் போவான் என்றால், பெண்ணை மட்டும் சந்தேகிப்பதில் லாபம் இல்லை.

ஆகவே என் முடிவு: 26 வாரம் சரியான அளவு, அதில் ஒரு நாளும் குறையக் கூடாது. முன்னதாகவே திரும்ப விரும்புபவள் ஆறு வாரத்துக்குப் பின் திரும்பட்டும்; அது அவள் விருப்பமாக இருக்க, விடுப்பில் இருந்தாலும் சம்பளம் வரும் என்ற உறுதி முதலில் வேண்டும். அந்தச் சம்பளத்தைத் தனி முதலாளி கணக்கில் எழுதியது 2017 சட்டத்தின் அடிப்படைப் பிழை. மகப்பேற்றுப் பலனுக்கு மட்டுமாவது இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் வரம்பை எடுத்துவிட்டு, ஆண் பெண் எல்லோர் சம்பளத்திலிருந்தும் சேரும் நிதியோடு அரசும் தன் பங்கைப் போட்டு அதைச் சுமக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலியின் அளவில் அதே 26 வாரம் கிடைக்க வேண்டும். நாளுக்கு 77 ரூபாய் என்பது உதவித்தொகை, அதை விடுப்பு என்று சொல்ல முடியாது.

அடுத்த தேர்தலில் வாக்கு கேட்டு வருபவர்கள் விடுப்பை இன்னும் எத்தனை மாதம் கூட்டுவோம் என்று சொல்வார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த மாதங்களுக்குச் சம்பளம் யார் தருவது? எங்கள் தெரு அங்கன்வாடி ஆறு மாதக் குழந்தையை எந்தத் தேதியிலிருந்து எடுத்துக்கொள்ளும்?